குழாயைத் திறந்த உடனே ஜில் தண்ணீர்: சுவர் ஆர்.ஓ.வோடு சில்லர் சேர்ப்பது எப்படி?

நாலாம்மாடி (கேள்வி)

சென்னை வேளச்சேரி, நாலாவது மாடி ஃப்ளாட். போர் தண்ணீர், டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) 1,100 பக்கம். சமையலறைச் சுவரில் 8 லிட்டர் டேங்க் உள்ள சாதாரண ஆர்.ஓ. மே மாதம் அதன் குழாயில் வரும் தண்ணீர் 35 டிகிரி. ஆறு பேர் உள்ள வீடு. ஃப்ரிட்ஜில் பாட்டில் வைத்தால் ஒரு சாப்பாட்டு வேளையிலேயே காலி. அடுத்த பாட்டில் குளிர இரண்டு மூன்று மணி நேரம்.

சிங்க் பக்கத்தில் தனியாக ஒரு சின்னக் குழாய், திறந்தால் 10 டிகிரியில் தண்ணீர். இதுதான் வேண்டும். கேள்விகள்:

1. இன்ஸ்டன்ட் கீசர் மாதிரி, ஓடும் தண்ணீரையே அப்படியே குளிரவைக்கும் பெட்டி உண்டா? சூடாக்க முடிகிறதென்றால் குளிர்விக்க ஏன் முடியாது?
2. இப்போதுள்ள ஆர்.ஓ.வை மாற்றாமல் சேர்க்க முடியுமா?
3. சில்லரை ஆர்.ஓ.வுக்கு முன்னால் வைக்கலாமா, பின்னாலா? முன்னால் வைத்தால் டேங்க் முழுவதும் ஜில்லென்று இருக்குமே?

---

கலோரிக்கணக்கு

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், மற்றது குழாய் வேலை தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்க அதிலிருந்து 4.19 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். 35-லிருந்து 10-க்கு 25 டிகிரி. ஆக லிட்டருக்கு 105 கிலோஜூல். உங்கள் குழாயில் நிமிஷத்துக்கு 2 லிட்டர் வருகிறது என்று வையுங்கள், நிமிஷத்துக்கு 210 கிலோஜூல். அதாவது 3.5 கிலோவாட். இது ஒரு டன் ஏசியின் குளிர்விக்கும் திறன், கிட்டத்தட்ட புள்ளி பிசகாமல். கீசரில் 3 கிலோவாட் என்பது விரல் தடிமன் சுருள் ஒன்று. குளிர் பக்கத்தில் அதே 3 கிலோவாட்டுக்கு ஒரு கம்ப்ரஸர், ஒரு கண்டென்ஸர் (சூட்டை வெளியே விடும் குழாய்ச் சுருள்), அதற்கொரு விசிறி, எல்லாம் பால்கனியில் நிற்கும் அவுட்டோர் யூனிட் அளவுக்கு வேண்டும்.

சரி, ஒரு டன் கம்ப்ரஸரையே வாங்கி வைத்தாலும் பயன் இல்லை. 250 மில்லி டம்ளர் அந்த வேகத்தில் ஏழெட்டு விநாடியில் நிரம்பிவிடும். கம்ப்ரஸர் கிளம்பி காயில் குளிரத் தொடங்குவதற்குள் நீங்கள் குடித்தே முடித்திருப்பீர்கள்.

அதனால் "இன்ஸ்டன்ட்" என்று விற்பது எதுவானாலும் உள்ளே குளிரைச் சேமித்துத்தான் வைத்திருக்கும். இரண்டு வகை:

டேங்க் வகை: 2 முதல் 4 லிட்டர் ஸ்டீல் தொட்டி, சுற்றிலும் குளிர்க்குழாய், வெளியே ஃபோம். தண்ணீரே குளிராகக் காத்திருக்கும்.

ஐஸ் பேங்க் வகை: பெட்டிக்குள் வேறு தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்திருக்கும், குடிநீர் அதன் நடுவே ஸ்டீல் காயிலில் ஓடும். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வாங்கிக்கொள்ளும். 3 கிலோ ஐஸ் இருந்தால் சுமார் 1,000 கிலோஜூல், ஏறக்குறைய ஒன்பதரை லிட்டரைத் தொடர்ச்சியாகக் குளிர்விக்கலாம். உள்ளே தண்ணீரைக் கலக்க ஒரு சின்ன மோட்டார் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் காயிலைச் சுற்றியுள்ள நீர் மட்டும் சூடாகி, ஐஸ் தள்ளி நின்று வேடிக்கை பார்க்கும். ஜூஸ் கடைக்கும் கேன்டீனுக்கும் இது சரி. ஆறு பேர் வீட்டுக்குத் தேவையில்லை.

உங்கள் உச்சத் தேவை: சாப்பாட்டு நேரத்தில் ஆறு டம்ளர், 1.5 லிட்டர். 3 லிட்டர் டேங்க் போதும். அதில் மூன்று லிட்டரும் ஜில்லென்று வராது. உள்ளே வரும் வெதுவெதுப்பான நீர் கலந்துகொண்டே இருக்கும். தொட்டி வடிவமைப்பு நன்றாக இருந்தால் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை குளிராக எடுக்கலாம்.

மறுபடி குளிர எவ்வளவு நேரம்? சின்ன கம்ப்ரஸர் 140 வாட் அளவுக்கு வெப்பத்தை எடுத்தால் லிட்டருக்குப் பன்னிரண்டரை நிமிஷம். அது ஏட்டுக்கணக்கு, கசியும் வெப்பத்தையும் சேர்த்தால் "மணிக்கு 3 லிட்டர்" என்று பெட்டியில் போட்டிருப்பது நியாயமான எண். ஆனால் அந்த எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உள்ளே போகும் தண்ணீர் 25 டிகிரி என்று வைத்து அளந்திருந்தால் அது 15 டிகிரி இறக்கும் வேலை மட்டுமே. உங்கள் 35 டிகிரித் தண்ணீருக்கு அதே பெட்டி மணிக்கு 1.8 லிட்டர்தான் தரும். சமையலறைச் சூட்டில் இன்னும் குறையும்.

---

திருகுசாவி

மூன்றாவது கேள்விக்கு முதலில்: ஆர்.ஓ.வுக்கு முன்னால் சில்லர் வைக்கவே வேண்டாம். ஆர்.ஓ.வுக்குள் உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பிரேனுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஆகாது. 25 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 3 சதவீதம் உற்பத்தி விழும். 10 டிகிரித் தண்ணீர் கொடுத்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போச்சு. அதைவிட, உள்ளே போகும் தண்ணீரில் பாதிக்கு மேல் கழிவுக் குழாயில்தானே போகிறது? காசு கொடுத்துக் குளிர்வித்த தண்ணீரை வாளியில் பிடித்துப் பாத்திரம் கழுவுவீர்கள். இன்னொன்று, போர் தண்ணீரிலுள்ள குளோரைடு ஸ்டீல் தொட்டியில் ஊசிக்குத்து மாதிரி ஓட்டை போடும்.

ஆர்.ஓ.வுக்குப் பின்னால்தான். ஆனால் சுவர் ஆர்.ஓ.வில் ஒரு சிக்கல்: அதன் டேங்க் திறந்த டேங்க், அழுத்தம் கிடையாது. உங்கள் புதுக் குழாயின் வாயைவிட டேங்க் முப்பது நாற்பது செ.மீ. தான் உயரம். கால் இன்ச் டியூப் மூன்று மீட்டர், நடுவில் சில்லர், எல்போக்கள் எல்லாம் சேர்ந்தால் ஒரு டம்ளர் நிரம்ப முக்கால் நிமிஷத்துக்குக் குறையாது. பம்ப் வேண்டும்.

வரிசை இப்படி:

ஆர்.ஓ. டேங்க் → சின்ன வடிகட்டி → 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப், தானே நிற்கும் பிரஷர் சுவிட்சுடன் → நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீர் திரும்பி வராமல் தடுப்பது) → பால் வால்வு → சில்லரின் உள்வாய் → சில்லரின் வெளிவாய் → கூஸ்நெக் குழாய் (வாத்துக் கழுத்து மாதிரி வளைந்தது).

ஆர்.ஓ.வின் சொந்த பூஸ்டர் பம்ப் மாதிரியே இன்னொன்று வாங்கி மாட்டாதீர்கள். அது மெம்பிரேனுக்கு அதிக அழுத்தத்தில் கொஞ்சமாகத் தள்ளும் பம்ப், குழாய்க்கு ஒத்துவராது. நிமிஷத்துக்கு 3 லிட்டர் தரும், உணவுத் தரம் என்று எழுதிய பம்ப் கேட்டு வாங்குங்கள். பம்புக்கும் சில்லருக்கும் நடுவே ஒரு சின்ன பிரஷர் டேங்க் இருந்தால் டம்ளர் பாதி நிரம்பும்போது பம்ப் டக் டக் என்று நின்று நின்று ஓடுவது அடங்கும்.

பித்தளை நிப்பிள், பித்தளை எல்போ எதையும் ஆர்.ஓ. தண்ணீர் வழியில் போடாதீர்கள். உப்பு எடுத்த தண்ணீர் லேசான அமிலத்தன்மை உள்ளது, பித்தளையை அரிக்கும். ஒரு மாதத்தில் உலோக ருசி வரும். பிளாஸ்டிக் புஷ்-ஃபிட், இல்லையென்றால் ஸ்டீல்.

புஷ்-ஃபிட் ஒழுகினால் பத்தில் ஒன்பது தடவை வெட்டில்தான் தப்பு. கத்தரிக்கோலால் வெட்டினால் டியூப் நசுங்கி வாய் முட்டை வடிவமாகிவிடும். புது பிளேடால் நேராக வெட்டி, முனையிலிருந்து 15 மி.மீ. பேனாவால் கோடு போட்டுக்கொண்டு, அந்தக் கோடு மறையும் வரை அழுத்துங்கள். முதலில் ஒரு தடை தட்டும், அது பிடிக்கும் பல் மட்டும். அதையும் தாண்டி உள்ளே போனால்தான் ஓ-ரிங்கில் உட்காரும். பிறகு நீலக் கிளிப்.

கிரானைட்டில் குழாய்க்கு 12 மி.மீ. ஓட்டை போதும். டயமண்ட் ஹோல் கட்டர், ட்ரில்லில் ஹேமர் ஆஃப், சுற்றிலும் மாவு பிசைந்து பாத்தி கட்டித் தண்ணீர் ஊற்றி மெதுவாகச் சாய்த்து ஆரம்பித்து நேராக்குங்கள். ஹேமர் போட்டால் விளிம்பு தெறிக்கும். சிங்க் வெட்டிய விளிம்பிலிருந்து நாலு விரல் தள்ளியே போடுங்கள்.

கடைசியாக, மிக முக்கியமானது. பம்ப் போட்ட பிறகு எங்காவது டியூப் கழன்றால் பம்ப் டேங்கைக் காலி செய்யும், ஆர்.ஓ. நிரப்பும், மறுபடி காலி செய்யும். ஊருக்குப் போயிருந்தால் கீழ்வீட்டுக் கூரை நனையும்வரை நிற்காது. கபோர்டின் தரையில் லீக் ஸ்டாப் வால்வு ஒன்று வையுங்கள்: உள்ளே ஒரு பஞ்சு வில்லை இருக்கும், நனைந்தால் உப்பி வால்வை மூடிவிடும். ஆர்.ஓ.வுக்கு வரும் பச்சைத் தண்ணீர்க் குழாயில் அதைக் கோக்க வேண்டும்.

---

நாலாம்மாடி

தெளிவாக இருக்கிறது, நன்றி. இரண்டு சந்தேகம். பெல்டியர் வகை சில்லர் (கம்ப்ரஸர் இல்லாமல் மின்சாரத் தகட்டால் குளிர்விப்பது) பாதி விலைக்குக் கிடைக்கிறது, சத்தமும் இல்லை என்கிறார்கள். அது ஆகுமா? இன்னொன்று, பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று சும்மா இருக்கிறது. பக்கவாட்டில் ஓட்டை போட்டு, டியூபைச் சுருளாக உள்ளே வைத்து வெளியே எடுத்தால்?

---

கேஸ்சார்ஜ்

சார், ஃப்ரிட்ஜ் பக்கவாட்டில் ட்ரில் வைக்காதீங்க! ஓடுற ஃப்ரிட்ஜோட ரெண்டு பக்கத்தையும் கையால தொட்டுப் பாருங்க, சூடா இருக்கும். கண்டென்ஸர் குழாய் அந்தத் தகட்டுக்குப் பின்னாடிதான் ஒட்டிக்கிட்டு வளைஞ்சு வளைஞ்சு போகுது. ஓட்டை விழுந்தா கேஸ் மொத்தமும் வெளியே. இப்போ வர்ற ஃப்ரிட்ஜுல ஆர்-600ஏ, அது ஐசோபியூட்டேன், அடுப்பு கேஸ் மாதிரி தீப்பிடிக்கும். சமையல்ரூம்ல அந்த விளையாட்டு வேணாம்.

ஓட்டையே இல்லாம கதவு ரப்பர் இடுக்குல டியூப் விட்டாலும் சரிப்படாது. கால் இன்ச் டியூப்ல மீட்டருக்கு 15 மில்லிகூட நிக்காது. 15 மீட்டர் சுருட்டி வெச்சா ஒரு டம்ளர்கூட முழுசா வராது. அது தீர்ந்ததும் வெதுவெதுன்னுதான். ஃப்ரிட்ஜ் காத்தால குளிர்விக்குது, அதான் உங்க பாட்டிலுக்கே மூணு மணி நேரம் ஆகுது.

பெல்டியர்: கரண்டு 60, 70 வாட் இழுக்கும், தண்ணியிலிருந்து எடுக்கிற சூடு 20, 25 வாட்தான். ஒரு லிட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல. அதுவும் ரூம் சூடு ஏற ஏற கெட்டுக்கிட்டே போகும். மே மாசம் உங்களுக்குத் தேவைப்படுற நேரத்துலதான் 18, 20 டிகிரியில நின்னுடும். நாள் முழுக்க ஓடினா ஒன்றரை யூனிட் கரண்டு. கம்ப்ரஸர் மாடல் பத்து லிட்டர் கொடுத்தும் ஒரு யூனிட்டைத் தொடாது. ஒரு ஆள் மேஜைக்கு பெல்டியர் ஓகே. ஆறு பேருக்கு கம்ப்ரஸர்தான், வேற பேச்சில்ல.

சில்லர் வாங்கும்போது ஒண்ணு கவனிங்க. கேன் கவுத்து வைக்கிற டிஸ்பென்ஸரைப் பிரிச்சு அதோட டேங்கை சிங்க் அடியில வெக்கிற ஆளுங்க இருக்காங்க. அந்த டேங்க் பிரஷருக்கு செஞ்சதில்ல. சிலிகான் டியூப் வெறுமனே சொருகி டை கட்டியிருக்கும். பம்ப் மாட்டினா முதல் நாளே புடுங்கிக்கும். "குழாயோடு நேரடி இணைப்பு"ன்னு போட்டு எத்தனை பார் தாங்கும்னு எழுதியிருக்கிற மாடலா எடுங்க.

வெச்ச பிறகு வர்ற கோளாறுகள்:

காத்து. கம்ப்ரஸர் தண்ணியிலிருந்து எடுத்த 140 வாட், தான் தின்ன 100, 110 வாட், ரெண்டையும் சேர்த்து 250 வாட் சூட்டை கபோர்டுக்குள்ளதான் ஊதுது. கதவைச் சாத்தி வெச்சா ஓவர்லோடு (சூடேறினா கம்ப்ரஸரை நிறுத்துற சுவிட்ச்) டிக்குன்னு விழும், ஆறினதும் திரும்பக் கிளம்பும், திரும்ப விழும். "தண்ணி குளிரல, கேஸ் போச்சு"ன்னு கூப்பிடுவாங்க, கேஸ் அப்படியே இருக்கும். கபோர்டு கதவுல கீழ ஒண்ணு மேல ஒண்ணு காத்து போற ஜாலி போடுங்க, குறைஞ்சது 15க்கு 15 செ.மீ. பின்பக்கம் 10 செ.மீ. இடைவெளி.

வேர்வை. சென்னைக் காத்துல 25 டிகிரிக்குக் கீழ எது இருந்தாலும் அது மேல தண்ணி கோக்கும். சில்லர்ல இருந்து குழாய் வரைக்கும் டியூப் மேல ஏசி காப்பர் பைப்புக்குப் போடுற கறுப்பு நைட்ரைல் ஸ்லீவ், 9 மி.மீ. கனம். ஸ்லீவ் முனையை ஒட்டாம விட்டா ஈரக்காத்து உள்ள போய் ஸ்லீவுக்குள்ளயே சொட்டும். பிளைவுட் ஊதின பிறகுதான் தெரியும், குழாய் ஒழுகுதுன்னு பிளம்பரைத் திட்டுவாங்க.

கரண்டு. போய் உடனே வந்தா கம்ப்ரஸர் கிளம்பாம முக்கும். மூணு நிமிஷம் தாமதம் உள்ள ஸ்டெபிலைசர் போட்டுடுங்க. வீட்டு இன்வெர்ட்டர் லைன்ல குடுக்காதீங்க. ஃபோம் நல்லா இருந்தா கரண்டு இல்லாமலே சில மணி நேரம் ஜில்லுனு இருக்கும். பிளக் பாயிண்ட் சிங்க் டிரெயினுக்குக் கீழ வேணாம், உயரமா பக்கவாட்டுல. அந்த லைன்ல 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிஞ்சா லைனை வெட்டுற சுவிட்ச்) இருக்கான்னு பாத்துக்குங்க.

தெர்மோஸ்டாட் 6, 7 டிகிரியில வைங்க. "இன்னும் ஜில்"லுன்னு கடைசி வரைக்கும் திருப்பினா தொட்டிச் சுவத்துல ஐஸ் கட்டும், ஐஸ் வளந்து வெளிவாயை அடைக்கும். குழாயில தண்ணியே வரலைன்னா முதல்ல சுவிட்சை அணைச்சுட்டு ரெண்டு மணி நேரம் விடுங்க. அப்புறம் வந்தா ஐஸ்தான். குமிழைத் தொடாமலே ஐஸ் கட்டினா தெர்மோஸ்டாட்டோட சென்ஸர் முனை அதோட பாக்கெட்ல இருந்து நழுவியிருக்கும்.

---

பவானிக்கரை

இத்தனை பாடு எதுக்குங்க? குழாய் வெச்ச மண்பானை ஒண்ணு, அடியில மணல். எங்க ஈரோட்டுப் பக்கம் கோடை பூரா அதேதானுங்.

---

கலோரிக்கணக்கு

ஈரோட்டில் சரி, வேளச்சேரியில் எடுபடாது. பானை ஆவியாதலால் குளிர்கிறது; ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் எவ்வளவு காட்டுமோ அதற்குக் கீழே அது போகாது. 38 டிகிரி வெயில், 35 சதவீத ஈரப்பதம் என்றால் அந்த எல்லை 25, 26 பக்கம். பானைத் தண்ணீர் 26, 27-ல் சுகமாக இருக்கும். கடல்காற்று வந்த பிறகு சென்னையில் 35 டிகிரி, 60 சதவீதம், எல்லையே 28. ஆர்.ஓ. தண்ணீரைவிட ஆறேழு டிகிரி குறைவு, மறுக்கவில்லை. ஆனால் கேட்டது 10 டிகிரி.

பானையை வேறு விதத்தில் பயன்படுத்தலாம். 35-ல் வரும் தண்ணீர் 29-க்கு இறங்கி சில்லருக்குள் போனால் வேலை 25 டிகிரியிலிருந்து 19 ஆகக் குறையும். ஆனால் பம்பையும் பானையையும் கட்டி மேய்க்க வேண்டும், பானைக்குள் பாசி பிடிக்கும். நான் செய்ய மாட்டேன்.

---

நாலாம்மாடி

கம்ப்ரஸர் மாடல், 3 லிட்டர் என்று முடிவு செய்துவிட்டேன். சிங்க் கீழ் கபோர்டில் ஏற்கெனவே குப்பைக்கூடை, கேஸ் சிலிண்டர். சில்லரை எதிர்ப்பக்கம் யூட்டிலிட்டியில் வைத்து, சுவருக்குள் ஏற்கெனவே இருக்கும் அரை இன்ச் சி.பி.வி.சி. குழாய் வழியாகக் கொண்டுவந்தால் காற்றுப் பிரச்சினையும் தீரும் அல்லவா? தூரம் மூன்று மீட்டர்தான்.

---

திருகுசாவி

சிலிண்டர் இருக்கும் கபோர்டில் எந்தக் காரணம் கொண்டும் கம்ப்ரஸர் வைக்காதீர்கள். அதைக் கிளப்பும் ரிலே சுவிட்சில் ஒரு தீப்பொறி போதும். ஆனால் யூட்டிலிட்டியும் தீர்வு ஆகாது. கணக்குப் பாருங்கள்: அரை இன்ச் சி.பி.வி.சி.யில் மீட்டருக்கு 120 மில்லி நிற்கும். மூன்று மீட்டருக்கு 360. ராத்திரி தாகத்துக்குக் குழாயைத் திறந்தால் முதல் டம்ளர் முழுக்கவும் அடுத்த டம்ளரில் பாதியும் சுவர்ச் சூட்டுத் தண்ணீர். சுவருக்குள் ஸ்லீவும் போட முடியாது, சுவர் வேர்த்துப் பெயின்ட் உரியும். இவ்வளவு செலவு செய்து கடைசியில் தண்ணீரைக் கீழே விட்டுவிட்டுப் பிடிப்பீர்கள்.

அதே கால் இன்ச் டியூப், ஒரு மீட்டர் என்றால் 15 மில்லி. டேங்கில் 8 டிகிரி, டியூபில் நின்றது 35 டிகிரி என்றாலும் 250 மில்லி டம்ளரில் கலந்து பத்துக்குள் வரும். ஆகவே சிலிண்டரையும் கூடையையும் யூட்டிலிட்டிக்கு அனுப்புங்கள். சிலிண்டர் ரப்பர் ட்யூபைச் சுவருக்குள் விடக்கூடாது, ஒன்றரை மீட்டருக்கு மேல் நீட்டவும் கூடாது. செப்புக் குழாய் லைன் ஏஜென்ஸி மூலமாகப் போட்டுக்கொள்ளுங்கள். சிலிண்டரை நகர்த்த முடியாது என்றால் அதன் கபோர்டில் சில்லர் வேண்டாம். அதற்கு ஒட்டிய கபோர்டும் வேண்டாம்.

மாட்டும்போது உள்வாய் வெளிவாய் மாறிவிடாமல் பாருங்கள். டேங்க் மாடல்களில் குளிர்ந்த தண்ணீர் கனமாகி அடியில் தங்கும். வெதுவெதுப்பானது மேலே நுழைந்து குளிர்ந்தது அடியிலிருந்து போகிற மாதிரி செய்திருப்பார்கள். மாற்றி மாட்டினாலும் தண்ணீர் வரும், ஒழுகாது, ஆனால் அரை டம்ளருக்கு மேல் ஜில்லென்று வராது. எல்லோரும் கேஸையும் தெர்மோஸ்டாட்டையும் சந்தேகப்படுவார்கள்.

சுவிட்ச் போடும் முன் குழாயைத் திறந்து காற்றுக் குமிழி இல்லாமல் ஒரே சீராக வரும்வரை ஓடவிடுங்கள். முதல் 5 லிட்டரைக் கொட்டிவிடுங்கள். பெட்டியை வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் நிமிர்த்தி வைத்து நாலைந்து மணி நேரம் கழித்தே ஆன் செய்யுங்கள், கம்ப்ரஸர் ஆயில் கீழே இறங்க வேண்டும்.

சுத்தம்: ஆர்.ஓ. தண்ணீரில் குளோரின் கிடையாது. குளிர் கிருமியைக் கொல்லாது, வளர்ச்சியை மெதுவாக்கும், அவ்வளவே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சில்லர் சுவிட்சை அணைத்து, பம்பின் உறிஞ்சும் டியூபை ஆர்.ஓ.விலிருந்து கழற்றி சுத்தமான பாத்திரத்தில் விடுங்கள். அதில் 6 லிட்டர் தண்ணீருக்கு 6 மில்லி சாதாரண பிளீச், வாசனை சேர்க்காதது, 4 முதல் 5 சதவீத ஹைப்போகுளோரைட். கூஸ்நெக்கில் பிளீச் வாசனை வரும்வரை ஓடவிட்டு, மூடி அரை மணி நேரம். ராத்திரி முழுக்க விடாதீர்கள், ஸ்டீலுக்கு ஆகாது. பிறகு நல்ல தண்ணீர் 10 லிட்டர், வாசனை போகவில்லை என்றால் இன்னும் கொஞ்சம். இந்த பிளீச் தண்ணீர் ஒரு சொட்டுகூட மெம்பிரேன் பக்கம் போகக்கூடாது. குளோரின் பட்டால் மெம்பிரேன் கெட்டுவிடும். அதற்காகத்தான் டியூபைக் கழற்றச் சொன்னேன். கூஸ்நெக் வாயை மட்டும் வாரம் ஒருமுறை துடைத்துவிடுங்கள், வழுவழுப்பு முதலில் பிடிப்பது அங்கேதான்.

வெளியூர் போனால் பம்ப் பிளக்கைப் பிடுங்கி, பால் வால்வையும் மூடுங்கள். திரும்பி வந்ததும் முதல் 5 லிட்டர் செடிக்கு.